தாவோ சாவுச் சடங்குத் தொழில்: நாள் குறைவதா சிக்கல், மொழி போவதா?

சிங்கப்பூரில் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. புளோக்கின் கீழ்த்தளத்தில் திடீரென்று துணி கட்டி மறைப்பு எழும்பும். வட்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டில் நிலக்கடலை, வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளச் சிவப்பு நூல், இருட்டியதும் மணியும் மேளமும். சீனக் குடும்பம் ஒன்றில் சாவு நடந்திருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

ஆனால் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் குழப்பம் வருகிறது. 1980-இல் சிங்கப்பூர்வாசிகளில் 30 விழுக்காட்டினர், சீனாவில் தோன்றிய பழஞ்சமயமான தாவோவைச் சேர்ந்தவர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 8.8 விழுக்காடு. இத்தனை பேர் விலகிப் போன பிறகும் தாவோ முறைச் சாவுச் சடங்கு எப்படி ஊர் முழுக்க நடக்கிறது? நடக்கிறது என்றால், பூசகர்களுக்கு வாரிசு இல்லை, சடங்கு சுருங்கிவிட்டது என்ற கவலை எதற்கு? தொழில் வளர்கிறதா, தேய்கிறதா?

இரண்டும் நடக்கின்றன. எது வளர்கிறது, எது தேய்கிறது என்று பிரித்துப் பார்க்க, அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

## கணக்கெடுப்பு காட்டாதது

கணக்கெடுப்பு எண்ணுவது உயிரோடு இருப்பவர்களை. சாவுச் சடங்குத் தொழிலை நடத்துவது இறப்பவர்கள். இன்று எண்பது, தொண்ணூறு வயதில் இறக்கும் முதியவர், 1980-இல் அந்த 30 விழுக்காட்டுக்குள் இருந்திருக்கக்கூடியவர். அவர் பிள்ளைகள் படிவத்தில் பௌத்தம் என்றோ (31.1 விழுக்காடு) சமயம் இல்லை என்றோ (20 விழுக்காடு) எழுதியிருக்கலாம். அப்பா இறந்ததும், "அவர் எப்படி வாழ்ந்தாரோ அப்படியே அனுப்புவோம்" என்று தாவோ பூசகரை அழைக்கிறார்கள்.

ஆக, தொழிலுக்கு வரும் தேவை ஒரு தலைமுறை தாமதமாகவே குறையும். இன்று தெரியும் கூட்டம் பழைய நம்பிக்கையின் மிச்சம். அந்தப் பிள்ளைகள் இறக்கும் காலத்தில் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி.

## சடங்கு எதற்காக?

தென்சீன மக்களின் சாவு நம்பிக்கையில் தாவோ, பௌத்தம், முன்னோர் வழிபாடு மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. பிரித்தெடுக்க முயல்வது வீண்வேலை. நடைமுறையில் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு.

முதலாவது, பத்து நீதிமன்றங்கள். இறந்தவரின் ஆவி பாதாளத்தில் பத்து நீதிமன்றங்களைக் கடக்கிறது. சிங்கப்பூரின் ஹாவ் பார் வில்லா சிலைப் பூங்காவுக்குப் போனவர்கள் அந்தப் பத்து மன்றங்களையும் தண்டனைகளையும் சிலைகளாகப் பார்த்திருப்பார்கள். முதல் ஏழு மன்றங்களுக்கு ஏழு வாரம். அதனால்தான் 49 நாள் காரியம். எட்டாவதற்கு நூறாம் நாள், ஒன்பதாவதற்கு ஓராண்டு, பத்தாவதற்கு மூன்றாம் ஆண்டு. ஒவ்வொரு மன்றத்திலும் ஆவிக்காகப் பரிந்து பேச உயிரோடிருப்பவர்கள் சடங்கு செய்கிறார்கள்.

இரண்டாவது, எழுத்து. தாவோ மரபில் விண்ணுலகம் ஓர் அரசாங்கம். அங்கே வேலை நடக்க மனு போக வேண்டும். பூசகர் அந்த அரசாங்கத்தில் பதவி பெற்றவர். மஞ்சள் தாளில் தூரிகையால் மனு எழுதி, இறந்தவரின் பெயர், பிறந்த தேதி, நேரம், பூர்வீக மாவட்டம், துக்கப்படும் பிள்ளைகளின் பெயர்கள் எல்லாவற்றையும் சேர்த்து, முத்திரை குத்தி, உரக்க வாசித்து, எரிக்கிறார். எரிப்பதுதான் அனுப்புவது.

சாவுச் சடங்கு செய்பவர்களில் பெரும்பாலோர் ஜெங்யீ என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் ஜாங் தாவோலிங்கைத் தங்கள் மூலகுருவாகச் சொல்லும் மரபு அது. இவர்கள் துறவிகள் அல்லர். மணம் செய்து, வீட்டில் வாழ்ந்து, இதைத் தொழிலாகச் செய்பவர்கள். தென்சீனக் கிளைமொழிக் குழுக்களில் ஹொக்கியன் மக்கள் இவர்களைச் சாய் கோங் என்பார்கள், கேண்டனீஸ் மக்கள் நாம்மோ லோ என்பார்கள். வித்தை அப்பாவிடமிருந்து மகனுக்கு, அல்லது குருவிடமிருந்து சீடனுக்கு வரும். மனு மாதிரிகள், மந்திரங்கள், நடைகள் எல்லாம் கையெழுத்துப் புத்தகங்களில் இருக்கும். ஆனால் எந்த இடத்தில் எந்தத் தாளம், எங்கே குரலை இழுக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்காது.

ஒவ்வொரு கிளைமொழிக் குழுவுக்கும் முறை வேறு. ஹொக்கியன் முறை, கேண்டனீஸ் முறை, ஹக்கா முறை, ஹைனானீஸ் முறை என்று தனித்தனி. தியோச்சூ மக்கள் பெரும்பாலும் பூசகரைக் கூப்பிடுவதே இல்லை; அறச்சாலைகளைச் சேர்ந்த பாராயணக் குழுவினர் வந்து பௌத்தச் சாயலில் செய்துவைப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோல் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு, இன்னொரு குழுவின் முறையில் அப்பாவை அனுப்புவது அவரை வேறு ஊர்ப் பேருந்தில் ஏற்றிவிடுவதுதான்.

## ஒரு இரவின் மையம்: மன்னிப்பு ஆணை

ஹொக்கியன் முறையில் சவ அடக்கத்துக்கு முந்தைய இரவு நடப்பதைக் கோங் தெக் என்பார்கள். இறந்தவருக்காகப் புண்ணியம் சேர்க்கும் சடங்கு. அதில் ஒரு கட்டத்தை மட்டும் கிட்டத்தில் பார்த்தால் தொழிலின் சிக்கல் முழுவதும் புரியும்.

காகிதத்தில் செய்த ஒரு குதிரை, அதன் மேல் காகிதத் தூதன். இறந்தவரின் குற்றங்களை மன்னிக்கும்படி விண்ணுலகம் பிறப்பித்த ஆணையை அவன் பாதாளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பூசகர் தூதனை அனுப்பிவைக்கிறார். சும்மா அனுப்புவதில்லை, கதை சொல்கிறார். வழி நெடுந்தூரம், தூதனுக்குத் தாகம், குதிரைக்குப் பசி. வீட்டார் வந்து தூதனுக்கு மது ஊற்ற வேண்டும், குதிரைக்குத் தீனி காட்ட வேண்டும். இடையிடையே பேச்சுமொழியில் கிண்டல் செய்கிறார். அழுது ஓய்ந்த முகங்களில் சிரிப்பு வருகிறது. அப்புறம் மேளம் வேகம் பிடிக்கிறது. பூசகர்கள் குதிரையைத் தூக்கிக்கொண்டு வட்டமிட்டு ஓடுகிறார்கள். சிலர் கரணமும் போடுவார்கள். ஓட்டம் நிற்கும்போது ஆணை வாசிக்கப்படுகிறது. குதிரை, தூதன், ஆணை மூன்றும் தீயில்.

அதன் பிறகு காகிதக் கோட்டை ஒன்றை உடைத்து ஆவியை விடுவிப்பார்கள். ஆவிக்குக் குளியல், புது உடை. கடைசியில் பாலம்: பூசகர் முன்னே நடக்க, குடும்பம் வரிசையாகப் பின்னால் போய், ஒவ்வொருவரும் தண்ணீர்ப் பாத்திரத்தில் காசு போட்டுக் கடக்கிறார்கள்.

இங்கே இரண்டு விதமான மொழி இயங்குவதைக் கவனிக்க வேண்டும். தெய்வங்களை நோக்கிச் சொல்லும் மந்திரமும் மனுவும் பழஞ்சீனத்தில், அந்தந்தக் கிளைமொழியின் உச்சரிப்பில் ஓதப்படுகின்றன. அவை குடும்பத்துக்கு என்றைக்குமே முழுதாகப் புரிந்ததில்லை. தூதனின் கதையோ குடும்பத்தை நோக்கி, அடுக்களையில் பேசும் ஹொக்கியனில் சொல்வது. அது புரிந்தே ஆக வேண்டும்.

## மாறியவை

1. மண். சடங்கு முதலில் உருவானது புதைப்பதற்காக. ஃபெங் சுவே என்ற சீன மனையடி சாஸ்திரம் பார்த்து இடம், பஞ்சாங்கம் பார்த்து நாள். சிங்கப்பூரில் இடம் இல்லை. 1922-இல் திறந்த புக்கிட் பிரௌன் சீன இடுகாடு 1973-இல் மூடப்பட்டது. 2011-இல் அறிவித்த சாலைத் திட்டத்துக்காக அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டப்பட்டன. இன்று புதைக்க சுவா சூ காங் இடுகாடு ஒன்றுதான். 1998 முதல் அங்கும் 15 ஆண்டுகளே. பிறகு தோண்டி எடுத்து, சமயம் இடம்கொடுத்தால் எரிப்பார்கள். ஆகவே பெரும்பாலோர் நேரே தகனம்தான், அஸ்தி மாடத்தில் ஒரு சிறு அறை. 2021-இல் சுவா சூ காங்கில் திறந்த தோட்டத்தில் சாம்பலைத் தூவிவிட்டு வரவும் வழி வந்துவிட்டது. சடங்குக்கு இதன் விளைவு: இறுதி நாளைப் பஞ்சாங்கம் முடிவு செய்த காலம் போய், தகனச்சாலையில் எந்த நேரம் காலியாக இருக்கிறதோ அதுவும் சேர்ந்து முடிவு செய்கிறது. மண்டாய் தகனச்சாலையில் நேரம் பதிந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இது தெரியும்.

2. நாள். உடலை வைத்துத் துக்கம் காப்பது மூன்று, ஐந்து, ஏழு நாள் என ஒற்றைப்படையில் இருப்பது வழக்கம். இப்போது ஏழு அரிது. 2020-இல் கோவிட் கட்டுப்பாட்டில் துக்க வீட்டில் ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றிருந்தது. சின்னதாகச் செய்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது என்று பல குடும்பங்களுக்குத் தோன்றியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். இதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. பணம் இருந்தவர் ஏழு நாள், இல்லாதவர் ஓர் இரவு என்று அந்தக் காலத்திலும் இருந்ததுதான். பூசகர் கையிலிருக்கும் சடங்கு நீட்டவும் சுருக்கவும் ஏற்றபடி அடுக்கப்பட்டது.

3. குடும்பம். ஊதுபத்திக் கலசத்தைச் சுமப்பது மூத்த மகன். 2023-இல் சிங்கப்பூரின் கருவள விகிதம் 0.97, அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு பிள்ளைகூட இல்லை. ஒரே மகள் உள்ள வீட்டில் யார் சுமப்பது? மகளே சுமக்கிறாள்; பல பூசகர்கள் மறுப்பதில்லை. சணல் துணி உடைக்குப் பதில் வெள்ளை டி-சட்டை, சட்டைக் கையில் உறவுமுறையைக் காட்டும் சிறு துணி. இறந்தவர் ஆணென்றால் இடக்கையில், பெண்ணென்றால் வலக்கையில். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறந்தவர் தாய் என்றால் இரத்தக் குளச் சடங்கு உண்டு. பிரசவ இரத்தம் தீட்டு, அதற்காகத் தாய் பாதாளத்தில் இரத்தக் குளத்தில் கிடப்பாள், பிள்ளைகள் கிண்ணத்திலிருக்கும் சிவப்பு நீரைக் குடித்து அவளை மீட்க வேண்டும் என்ற நம்பிக்கை. பெற்றதையே குற்றமாக்கும் இந்தக் கருத்தை இன்றைய மகள்கள் பலர் ஏற்பதில்லை, ஏற்கவும் வேண்டாம். தாய் பட்ட வலிக்கு நன்றி சொல்வது என்று பொருளை மாற்றிச் சொல்லிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மாற்றம் நல்லது.

4. தீ. காகித வீடு, கார், கைப்பேசி என்று எரிப்பவை பெருகின. மேலே குடியிருப்பவர்களின் புகைப் புகாரும் பெருகியது. எரிக்க இரும்புக் கூண்டு வருகிறது, சத்தத்துக்கு நேரக் கட்டுப்பாடு, கீழ்த்தளத்துக்கு நகர மன்ற அனுமதி. இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

5. தொகுப்பு. இதுதான் தொழிலின் உள்கட்டமைப்பையே மாற்றியது. முன்பு குடும்பம் நேரே தன் கிளைமொழிக் குழுவின் பூசகரிடமோ குலச் சங்கத்திடமோ போகும். இப்போது சாவு நடந்ததும் கைப்பேசியில் இறுதிச் சடங்கு நிறுவனத்தைத் தேடுகிறார்கள். சவப்பெட்டி, உடலைப் பதப்படுத்துவது, கூடாரம், மேசை, உணவு, ஊர்தி, பூசகர் எல்லாம் சேர்த்து "தாவோ, மூன்று நாள்", "தாவோ, ஐந்து நாள்" என்று ஒரே விலை. பூசகர் துணை ஒப்பந்தக்காரர் ஆகிறார். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணி நேரம் என்பதை நிறுவனம் வகுக்கிறது. காகிதப் பொருள்கள் பெரும்பாலும் மலேசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து இறங்குகின்றன.

குடும்பத்துக்கு இது பெரிய உதவி, மறுக்க முடியாது. சாவு நடந்த இரவில் பத்து பேரிடம் பேரம் பேச யாருக்குத் தெம்பு இருக்கும்? நிறுவனங்களுக்குள் படித்த இளைஞர்கள் வந்திருப்பதும் நல்லதே. வளர்கிறது என்று சொன்னேனே, அது இந்தப் பகுதிதான். ஆனால் விலைப்பட்டியலில் "தாவோ" ஒரே வரியாக இருக்கும்போது, "உங்கள் அப்பா ஹொக்கியனா, ஹக்காவா?" என்ற கேள்வி நழுவிவிட இடமுண்டு.

## மொழி: தேய்கிற பகுதி

1979-இல் சிங்கப்பூர் அரசாங்கம் "மாண்டரின் பேசுவோம்" இயக்கத்தைத் தொடங்கியது. சீனர்கள் ஆளுக்கொரு கிளைமொழி பேசாமல் மாண்டரின் என்ற ஒரே பொதுச் சீனமொழிக்கு வர வேண்டும் என்பது நோக்கம். தொலைக்காட்சியிலிருந்தும் வானொலியிலிருந்தும் கிளைமொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக விலக்கப்பட்டன. பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரினும். 1980-இல் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஒலித்த சீனக் கிளைமொழிகளை, 2020-இல் வீட்டில் அதிகம் பேசும் மொழியாகச் சொன்னவர்கள் 8.7 விழுக்காடு.

தாவோ சடங்கை யாரும் தடை செய்யவில்லை. ஆனால் அது நிற்கும் தரை கீழிருந்து விலகியது. விளைவு மூன்று இடங்களில் தெரிகிறது.

முதலில் குடும்பம். தூதனின் கதையைப் பூசகர் சொல்கிறார், பேரப்பிள்ளைகள் சிரிக்க வேண்டிய இடத்தில் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். புரியாத மந்திரம் நமக்கும் பழக்கம்தானே, அய்யர் சொல்லும் சமஸ்கிருதம் எத்தனை பேருக்குப் புரிகிறது என்று தமிழ் வாசகர் கேட்கலாம். சரியான கேள்வி. மந்திரம் புரியாவிட்டாலும் காரியம் நடந்துவிடும். ஒப்பாரி புரியாவிட்டால் யாருக்கு அழுகை வரும்? தூதனின் கதை அந்த இரண்டாவது வகை. கேட்பவர் இல்லாதபோது பூசகரும் அதைச் சுருக்குகிறார், கிண்டலை விட்டுவிடுகிறார், கடைசியில் ஓட்டம் மட்டும் மிஞ்சுகிறது. நாள் குறைவதால் வரும் சுருக்கம் வேறு, இது வேறு. நாள் எண்ணிக்கையை மறுபடி கூட்டலாம். சொல்லத் தெரிந்தவர் போனபின் கதையைக் கூட்ட முடியாது.

அடுத்து சீடன். மாண்டரினும் ஆங்கிலமும் மட்டுமே தெரிந்த இளைஞன் இந்த வேலைக்கு வந்தால், எழுத்துகளை மாண்டரினில் படிக்க அவனுக்குத் தெரியும். அதே எழுத்துக்கு ஹொக்கியனில் பேச்சு உச்சரிப்பு ஒன்று, ஏட்டு உச்சரிப்பு இன்னொன்று. ஓதலுக்கு ஏட்டு உச்சரிப்பு வேண்டும். வீட்டில் பாட்டி ஹொக்கியன் பேசினாலும் அது வராது. பல ஆண்டு குருவோடு இருந்து காதால் பிடிக்க வேண்டும். இரவு வேலை, சாவு வீட்டு வேலை என்ற தயக்கம் ஒரு பக்கம் இருக்க, இந்தச் சுமையும் சேர்கிறது.

கடைசியாக மனு. பூர்வீக மாவட்டம் எது என்று பூசகர் கேட்கிறார். தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று சொல்ல வேண்டியவர்தான் பெட்டிக்குள் இருக்கிறார்.

## ஹாங்காங்கில் தலைகீழ்

ஒப்பிட்டுப் பார்க்க ஹாங்காங் சரியான இடம். அங்கே கீழ்த்தளம் கிடையாது. ஹங் ஹோம் போன்ற வட்டாரங்களில் உள்ள உரிமம் பெற்ற சவச்சாலைகளில் கூடம் வாடகைக்கு எடுத்து, பெரும்பாலும் ஓர் இரவில் சடங்கை முடித்து, மறுநாள் தகனம். தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் தகனம்தான். அஸ்தி மாடத்துக்கு அவ்வளவு நெருக்கடி வந்து, தனியார் மாடங்களை ஒழுங்குபடுத்த 2017-இல் சட்டமே போட வேண்டியிருந்தது. இடத்திலும் நேரத்திலும் சிங்கப்பூரைவிட இறுக்கம்.

ஆனாலும் அங்கே, ஆவியைப் பாதாளத்திலிருந்து விடுவிக்க நரகவாயில் உடைக்கும் சடங்கு கம்பீரமாக நிற்கிறது. தரையில் ஒன்பது ஓடுகள், நடுவில் தீ. பூசகர்கள் வரிசையாகச் சுழன்று நடக்க, தலைமைப் பூசகர் வாளால் ஓடுகளை ஒவ்வொன்றாக உடைக்கிறார். வாயிலிருந்து ஊதும் மது தீயில் பட்டுச் சுவாலை எழும்புகிறது. ஓதுவது கேண்டனீஸ், குடும்பம் பேசுவதும் கேண்டனீஸ், தொலைக்காட்சியும் கேண்டனீஸ். 2017-இல் ஹாங்காங் வெளியிட்ட மரபுச் செல்வங்களின் 20 அம்சப் பிரதிநிதிப் பட்டியலில் ஜெங்யீ மரபும் காகிதக் கைவினையும் இடம்பெற்றன. ஆண்களுக்கே உரியது என்றிருந்த இந்த வேலைக்குப் பெண்களும் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஹாங்காங் இடத்தையும் நாளையும் இழந்தது, மொழியைக் காத்தது. சிங்கப்பூருக்குக் கீழ்த்தளமும் மூன்று ஐந்து நாளும் வாய்த்தன, மொழி போனது. சடங்கு எங்கே தெம்பாக இருக்கிறது என்று பார்த்தால் எந்த இழப்பு ஆழமானது என்று தெரிகிறது.

## இனி என்ன ஆகும்?

இன்றைய முதியோர் தலைமுறை இருக்கும்வரை கூட்டம் இருக்கும். அதன் பிறகு இரண்டு வழிகள் தெரிகின்றன.

ஒன்று, எல்லாக் குழுவுக்கும் பொதுவான, மாண்டரினில் ஓதும் ஒரே தாவோ முறை. 1990-இல் உருவான சிங்கப்பூர் தாவோ கூட்டமைப்பும் 2008-இல் தொடங்கிய தாவோ கல்லூரியும் சமயத்தை இளைஞருக்கு மாண்டரின் வழியே கற்பிப்பது இந்தத் திசைக்கு உதவும். சமயம் பிழைக்கும். ஹொக்கியன், ஹக்கா, ஹைனானீஸ் முறைகளின் தனித்தன்மை கரையும்.

இன்னொன்று, ஓதலைக் கிளைமொழியிலேயே வைத்துக்கொண்டு, குடும்பத்தை நோக்கிய பகுதியை மட்டும் மாண்டரினிலோ ஆங்கிலத்திலோ சொல்வது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பு பூசகர் இரண்டு நிமிடம் நின்று, இப்போது என்ன நடக்கப்போகிறது, குதிரைக்கு ஏன் தீனி, பாலத்தில் ஏன் காசு என்று விளக்குவது. தெய்வத்துக்கு ஒரு மொழி, வீட்டாருக்கு ஒரு மொழி என்ற பழைய ஏற்பாடு இதில் கெடுவதில்லை. வீட்டாரின் மொழி மட்டும் மாறுகிறது. எனக்கு இந்த வழியே சரியெனப் படுகிறது. ஆனால் இதற்குச் சடங்கும் தெரிந்த, ஆங்கிலமும் வரும் பூசகர் வேண்டும், விளக்கத்துக்கு நேரம் வேண்டும். மணிக்கணக்கில் விலை வைத்த தொகுப்பு அந்த நேரத்தைத் தானாகத் தராது.

அதனால் கேட்க வேண்டியது குடும்பம்தான். தொகுப்புக்குக் கையெழுத்துப் போடும் முன்பு மூன்று கேள்விகள்: வரும் பூசகர் எந்தக் கிளைமொழி முறை? மன்னிப்பு ஆணையைக் கதையோடு செய்வாரா, ஓட்டம் மட்டுமா? பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் விளக்க ஆள் உண்டா? நான்காவதை நிறுவனத்திடம் கேட்க முடியாது. அதை அப்பாவோ பாட்டியோ உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்: நம் பூர்வீக ஊர் எது, எந்த மாவட்டம்?